ஒரே பேருள்ள கோப்புகள்

நான்கு ஆண்டுகள் நான் தொழில்நுட்பச் செய்தி எழுதினேன். இணையதளம் சென்னையில், நான் இராமநாதபுரம் பக்கம் சிக்கல் என்ற ஊரில், எங்கள் வீட்டு மாடி அறையில். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் புதிதாக வரும் எஸ்.எஸ்.டி., பென் டிரைவ், கணினியைச் சுத்தம் செய்யும் மென்பொருள், இவைதான் என் பகுதி. அவற்றில் எதையும் நான் கையால் தொட்டதில்லை. கம்பெனிக்காரர்கள் ஆங்கிலத்தில் அனுப்பும் விளம்பரத்தைத் தமிழாக்குவேன். நடுவில் 'மின்னல் வேகம்' என்று ஒரு சொல்லைச் சேர்ப்பேன். 'பயனர்கள் மகிழ்ச்சி' என்று தலைப்பு வைப்பேன். எந்தப் பயனர் மகிழ்ந்தார் என்று யாரும் கேட்டதில்லை.

என்னிடம் இருந்ததோ கல்லூரியில் படிக்கும்போது வாங்கிய மடிக்கணினி. அதை ஆன் செய்துவிட்டுக் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தால் திரை தெளிந்திருக்கும். அதில் உட்கார்ந்துதான், 'ஹார்ட் டிஸ்க்கின் காலம் முடிந்தது, தூக்கி எறியுங்கள்' என்று ஊருக்கு உபதேசம் செய்தேன்.

ஆசிரியர் என்று ஒருவர் இருந்தார். என் கட்டுரை எதையும் அவர் முழுதாகப் படித்ததாகத் தெரியவில்லை. தலைப்பை மட்டும் மாற்றுவார். மாற்றிய தலைப்பில் கட்டாயம் ஓர் ஆச்சரியக்குறி இருக்கும்.

ஒருநாள் இலவச மென்பொருள் ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னார். கணினியில் ஒரே கோப்பு இரண்டு மூன்று இடத்தில் கிடந்தால், கூடுதல் நகல்களைத் தேடி அழித்து இடத்தை மிச்சப்படுத்துமாம். அரை மணி நேரத்தில் எழுதி அனுப்பினேன். 'ஒரே கிளிக்கில் கணினி பறக்கும்!' என்று வெளியானது. என் அண்ணன் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'என் தங்கச்சி எழுதியது' என்று பெருமை அடித்துக்கொண்டான்.

அண்ணன் மனைவி, என் மதினி, சாயல்குடியில் கணினி மையம் நடத்துகிறார். ஜெராக்ஸ், பட்டா நகல், ஆன்லைன் விண்ணப்பம். அது நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு பதியும் நேரம். பகலில் அரசாங்கத்தின் இணையதளம் திறக்கவே திறக்காது. அதனால் விவசாயிகள் கொண்டுவரும் அடங்கல் என்கிற வி.ஏ.ஓ.வின் சாகுபடிச் சான்று, ஆதார், பாஸ்புக் எல்லாவற்றையும் மதினி முதலில் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்வார். தளம் வேலை செய்யும்போது ஏற்றுவார். ஊருக்கு ஒரு ஃபோல்டர். ஒவ்வொன்றிலும் 'அடங்கல் 1', 'அடங்கல் 2', 'ஆதார் 1' என்று ஒரே மாதிரி பெயர்கள்.

மூன்றாம் நாள் காலையில் மதினி போன் செய்தார்.

"ஏத்தா, நீ எழுதியிருந்தேல்ல, அந்த சாஃப்ட்வேர போட்டேன். ஒரு ஊரு தவுர மத்த ஊரு ஃபைல் ஒண்ணையும் காணோம்."

"ரீசைக்கிள் பின்ல பாருங்க மதினி."

"அதையுமுல்ல தொடச்சு வச்சிருக்கு."

அடுத்த பஸ்ஸில் போனேன். விஷயம் பார்த்ததுமே புரிந்தது. அந்த மென்பொருள் கோப்பைத் திறந்தே பார்ப்பதில்லை. பெயர் ஒன்றாக இருந்தால் நகல் என்று முடிவுகட்டி அழித்துவிடுகிறது. முதல் ஃபோல்டர் தப்பித்தது. மற்றவை எல்லாம் காலி.

"நீ போட்டுப் பாத்தப்ப இப்படி ஆகலையா?" என்று மதினி கேட்டார்.

"நான் போட்டுப் பாக்கல மதினி."

"பெறகு எப்படி எழுதுன?"

"அவுக அனுப்புறத அப்படியே எழுதுறதுதேன்."

மதினி எழுந்தார். சுவரோரம் காத்திருந்த இருவரிடம் போய், நாளைக்கு வாங்க என்று சொல்லி அனுப்பிவிட்டு வந்தார்.

நான் அதோடு நிறுத்தவில்லை. அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருள் ஒன்றைப் பற்றியும் முன்பு எழுதியிருந்தேன். அதை அதே கணினியில், அதே டிஸ்க்கில் இறக்கினேன். அழிந்த கோப்புகள் கிடந்த இடத்தின் மேலேயே அது போய் உட்காரும் என்பது எனக்குத் தெரியாது. என் கட்டுரையிலும் அப்படி ஒரு வரி கிடையாது.

மறுநாள் சி.பி.யூ.வைச் சாக்கில் சுற்றி இராமநாதபுரம் எடுத்துப் போனோம். பழுது பார்க்கும் கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். டிஸ்க்கைக் கழற்றித் தன் கணினியில் மாட்டிப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

"அழிஞ்ச டிஸ்க்லயே இத எறக்குனது யாரு?"

"நாந்தேன்."

"நெட்ல எவனாவது எழுதுவான், அதப் படிச்சிட்டு வந்துர்றது."

"படிச்சவ நானு," என்றார் மதினி. "எழுதுனவ இவ."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எழுதுறீகளோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு பேசியதெல்லாம் மதினியிடம்தான். "நல்லவேள, பழைய ஹார்ட் டிஸ்க்கு. எஸ்.எஸ்.டி.யா இருந்தா இந்நேரம் ஒண்ணும் மிஞ்சியிருக்காது."

பாதிதான் மீண்டது. அதிலும் சிலவற்றில் மேல் பாதி ஆதார், கீழ் பாதி வெறும் சாம்பல் நிறம். மீதிக்கு மதினியும் நானும் ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போனோம். அவர் வீடு வீடாகக் கேட்க, நான் செல்போனில் படம் எடுத்தேன்.

"போன வாரந்தான ஆத்தா குடுத்தேன்?" என்றார் ஒருவர்.

"மிசினு ரிப்பேராப் போச்சு மாமா," என்றார் மதினி. எந்த வீட்டிலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கடைசித் தேதிக்குள் ஒருவருடையதைத் தவிர எல்லாம் ஏறிவிட்டன. அந்த ஒருவர் அடங்கலை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். புதிதாக வாங்குவதற்குள் தேதி முடிந்துவிட்டது. கடை வாசலில் நின்று மதினியைத் திட்டினார். மதினி வாங்கிக்கொண்டார். நான் உள்ளே ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்தில் பேப்பர் அடுக்குவதுபோல நின்றேன். வெளியே போய், தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆசிரியருக்குப் போன் செய்து அந்தக் கட்டுரையை எடுத்துவிடச் சொன்னேன்.

"அது நல்லா போயிட்டிருக்கும்மா, ஏன் எடுக்கணும்?"

"ஃபைலை அழிக்குது சார்."

"அப்படியா? அதையே ஒரு நியூஸா எழுதிக் குடுங்க."

எழுதினேன். முதன்முதலாக என் மடிக்கணினியில் அந்த மென்பொருளைப் போட்டு, வேண்டுமென்றே வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே பெயர் வைத்து, அது அழிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுதினேன். 'உஷார்! உங்கள் கணினி காலி!' என்று வந்தது. பாதியை வெட்டியிருந்தார்கள். அடியில், 'இதையும் படியுங்கள்' என்று என் பழைய கட்டுரையின் இணைப்பு. அன்றோடு அந்த வேலையை விட்டேன். ஏன் என்று ஆசிரியர் கேட்கவில்லை.

அடுத்த மாதம் நகல் எடுத்து வைக்கத் தனியாக ஒரு டிஸ்க் வாங்க வேண்டும் என்றார் மதினி. "எது நல்லதுத்தா?"

"எனக்குத் தெரியல மதினி. அந்தக் கடைக்காரரையே கேப்போம்."

இருவரும் இராமநாதபுரம் போனோம். அவர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வந்தோம். வெள்ளிக்கிழமைதோறும் கடையைப் பூட்டுமுன் மதினி அதில் நகல் எடுக்கிறார். கோப்புகளுக்கு இப்போது ஊர்ப் பெயரையும் சேர்த்து வைக்கிறார்.