சபாக் லயத்தில் சோலார் மாட்டப் போய்ச் சந்தன வாசம் பிடித்த கதை

போன பள்ளி விடுமுறையில் நெல்வயலுக்குப் பேர்போன சபாக் பக்கம் போனோம் என்றால் எல்லோரும் வயல் பார்க்கவா என்றுதான் கேட்கிறார்கள். இல்லை. நாங்கள் போனது முட்டைகளுக்காக.

மல்லிகா அக்கா என் பெரியம்மா மகள். சபாக்கிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைத் தோட்டத்துப் பழைய லயத்து வரிசை வீடு ஒன்றில் இருக்கிறார். தோட்டம் கைமாறியதும் லயத்து மின்சாரம் போய்விட்டது. நாட்டுக்கோழி வளர்த்து விற்பதுதான் அவர் பிழைப்பு. குஞ்சு பொரிக்கும் பெட்டியை ஜெனரேட்டரில் ஓட்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை காலை அது செத்துவிட்டது.

"பொரிக்கப் போற முட்டைடி. சுடுதண்ணி போத்தல வச்சு, போர்வையால மூடியிருக்கேன். எவ்வளவு நேரம் தாங்கும்னு தெரியல லா," என்று போனில் சொன்னார்.

நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்பு வேலை பார்ப்பவள். அக்காவுக்காக வாங்கிய இரண்டு சோலார் பலகைகள், இரண்டு பேட்டரிகள், பேட்டரிக்கு ஏறும் மின்சாரத்தைச் சீராக்கும் ஒரு சார்ஜ் கண்ட்ரோலர் எல்லாம் தீபாவளிக்குக் கொண்டுபோகலாமென்று வீட்டுக் கூடத்தில் கிடந்தன. என் கணவர் குமார் அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவர். அவர் ஸ்குரூ டிரைவரைப் பிடித்தாலே எனக்குப் பதறும். ஆனாலும் வண்டி ஓட்ட ஆள் வேண்டுமே.

ரவாங்கிலிருந்து கோலசிலாங்கூர் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். அங்கிருந்து கடலோரச் சாலையில் சபாக் இன்னும் எழுபது இருக்கும். விடுமுறைக் கூட்டம் செக்கிஞ்சானில் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. உங்களுக்கு அவசரமென்றால் காலை எட்டு மணிக்கு முன்பே அந்த ஊரைத் தாண்டிவிடுங்கள். தோட்டத்து மண்சாலை மழையில் குழம்பிக் கிடந்தது. நாங்கள் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. அக்கா வாசலிலேயே நின்றிருந்தார்.

நான் தகரக் கூரையில் ஏறிப் பலகைகளைப் பொருத்தி, இணைக்கும்வரை மின்சாரம் வராதபடி, வெயில் படாமல் ஒரு பழைய கைலியால் மூடினேன். இந்த வேலையில் வரிசை முக்கியம். முதலில் பேட்டரியைக் கண்ட்ரோலருடன் இணைக்க வேண்டும். அதன் சிவப்புக் கம்பியில் ஒரு ஃபியூஸ். பிறகுதான் பலகை. கடைசியில் நாம் ஓட்டப்போகும் சாமான். மேலேயிருந்தே குமாரிடம் பேட்டரிக் கம்பிகளை மாட்டச் சொன்னேன். சிவப்பு எது, கறுப்பு எது என்று இரண்டு முறை கேட்டுவிட்டுச் சரியாகவே மாட்டினார்.

இறங்கி வந்து பார்த்தேன். கண்ட்ரோலர் கண் விழித்திருந்தது. பலகையை இணைத்து, கீழிருந்தே கைலியை இழுத்து உருவியதும் அதில் சூரியப் படம் மின்னியது. அக்கா கைதட்டினார். பேட்டரியிலும் ஓடக்கூடிய பொரிக்கும் பெட்டியை இணைத்தேன். விளக்கு எரிந்து, விசிறி சுற்றி, உடனே அணைந்தது. மறுபடி எரிந்தது, அணைந்தது.  புதுக் கண்ட்ரோலரே பழுதென்றால் மாற்றுக்கு எங்கே போவது?

"முட்டையெல்லாம் போச்சாடி?" என்றார் அக்கா. 

அப்போதுதான் அந்த வாசம் வந்தது. "ஆஹா, சாமி வந்த மாதிரி மணக்குதே!" என்றார் குமார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. சுடச்சுடச் சந்தன வாசம். பேட்டரி முனையில் லேசாகக் கை வைத்தேன். சுட்டது.

"என்னங்க, இதுல என்ன இருந்துச்சு?"

"நீ கூரையில ஏறினதும் அக்கா பூசை பண்ணிச் சந்தனம் வச்சிருந்தாங்க. சாமிக்கு வச்சதத் துடைக்கலாமா? அதான் அதுக்கு மேலயே அழுத்தி மாட்டிட்டேன்."

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். புது லோரி வந்தாலும் புது ஐஸ்பெட்டி வந்தாலும் நம் வீடுகளில் பொட்டு வைக்காமல் தொடமாட்டோம். பேட்டரிக்கு முகம் எதுவென்று தேடி, முனையிலேயே வைத்துவிட்டார். கம்பிக்கும் முனைக்கும் நடுவே சந்தனம் காய்ந்துபோய் மின்சாரத்துக்கு முழுதாக வழிவிடவில்லை; அதனால்தான் முனை சுட்டது, விளக்கும் அணைந்தது.

கழற்றும்போது வரிசை தலைகீழ்: பொரிக்கும் பெட்டி, பலகை, கடைசியில் பேட்டரி. உப்புத்தாளால் முனைகளைத் தேய்த்து, இந்த முறை நானே முடுக்கினேன். விளக்கு எரிந்தது. நாங்கள் மூவரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். அணையவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

திரும்பும் வழியில் பாசிர் பெனம்பாங்கில் மீன் குழம்பும் சோறும், ஆளுக்குப் பதினெட்டு வெள்ளி. பசியில் தின்றதால் ருசிக்கு நான் உத்தரவாதமில்லை.

இப்படிப் போகிறவர்கள் உப்புத்தாள், உபரி ஃபியூஸ், கூரைக்கு ஒரு துணி கொண்டுபோங்கள். பூசையை வேண்டாமென்று சொல்லாதீர்கள், யாரும் கேட்கமாட்டார்கள். பொட்டு வைக்கும் இடத்தை மட்டும் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். அக்கா இப்போது பேட்டரிப் பெட்டியின் மூடியில் வைக்கிறார்.

திங்கட்கிழமை அவரிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. அதில் அக்கா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. முழுக்கக் குஞ்சுகளின் கீச்சுச் சத்தம்தான்.