சக்கரம் இல்லாத வீடு

எண்பதுகளின் நடுவில் ஹேர்னிங் என்ற டேனிஷ் ஊரில் நாங்கள் வாங்கவிருந்த வீடு, தொழிற்சாலையில் இரண்டு துண்டாகச் செய்து, லொறியில் கொண்டுவந்து, சீமெந்து அத்திவாரத்தில் பூட்டியது. வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் சுவரைத் தட்டிப் பார்த்தார். இதைச் சக்கரம் பூட்டி இழுத்துப்போகும் மலிவான வீடுகளோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பிடுவேன் என்றார். அப்படியானால் கடன் கிடைக்காது, வீடும் இல்லை.

கூட வந்த என் மனைவியின் தம்பி காதைக் கடித்தான். "அத்தான், பேசாமல் இருங்கோ. இவரோடை கொழுவாதேங்கோ."

நான் அதுவரை கொழுவியது புத்தகங்களோடு மட்டும்தான். அன்று மதிப்பீட்டாளரை வெளியே கூட்டிப்போய், இருந்த ஒரே நல்ல காற்சட்டையோடு சேற்றில் மண்டியிட்டு, வீட்டின் அடியைக் காட்டினேன்.

"சக்கரம் எங்கே? பக்கத்துச் செங்கல் வீட்டுக்கும் இதே அத்திவாரம்தான். அதை மழையில் நனையவிட்டுக் கட்டினார்கள், இதைத் தொழிற்சாலைக் கூரைக்குக் கீழே கட்டினார்கள். அதோடு ஒப்பிடுங்கள்."

"ஆனால் இது வேறிடத்தில் செய்தது."

"நானும்தான். யாழ்ப்பாணத்தில் செய்து, இங்கே கொண்டுவந்து பூட்டியது. என்னை இனி யாரும் இழுத்துக்கொண்டு போக முடியாது."

அவர் சிரிக்கவில்லை. குனிந்து அத்திவாரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு பக்கத்துச் செங்கல் வீட்டை நோக்கி நடந்தார்.

கடன் கிடைத்தது. அன்று நான் பேசிய டேனிஷ் படுமோசம் என்று மைத்துனன் இன்றும் சொல்கிறான். இருக்கட்டும். பிழையில்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்த வருடங்களில் எனக்கு ஒரு யன்னல்கூடக் கிடைக்கவில்லை.