பஸ்ஸுக்கு வரும் ‘ப’

மோர்னிங்சைட்டில் சல்சா பாடிப் பிரபலமான ஒரே தமிழன் நான்தான். போட்டிக்கு வேறு ஆளில்லாததால் இதைப் பெருமையென்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்ததும் ஸ்பானியப் பூசை. அதற்காக வாசலில் காத்திருந்த கொலம்பிய மேளக்காரர் ஒருவர் நான் பாடியதைக் கேட்டுவிட்டார். அவருடைய சல்சா குழுவின் பாடகர் அப்போதுதான் கல்கரிக்குக் குடிபோயிருந்தார். எனக்கு ஸ்பானியம் தெரியாது என்றேன். உன் ஆங்கிலமும்தான் எனக்கு விளங்கவில்லை, அதற்கென்ன என்றார்.

பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து, சனிக்கிழமை நடனங்களில் பாடினேன். ஒரு காதல் பாட்டுத்தான் என்னைத் தூக்கிவிட்டது. ‘பெசோ’ என்றால் முத்தமாம். கடைசியாய் ஒரு பெசோ தா என்று நான் உருகும் இடத்தில் சனம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு விசிலடிக்கும். என் உருக்கம் அவர்களை உலுக்குகிறது என்று வருடக்கணக்காக நம்பினேன்.

பள்ளிக்கூடத்தில் ஸ்பானியம் எடுத்த மகள் ஒருநாள் மனைவியோடு கேட்க வந்தாள். காரில் ஏறும்வரை சிரிப்பை அடக்கியிருந்தாள்.

“ஓ மை கோட், அப்பா! முத்தத்துக்கு பஸ்ஸுக்கு வாற ‘ப’. நீங்கள் பல்லுக்கு வாற ‘ப’வைப் போடுறீங்கள்.”

“அப்ப நான் என்னத்தைக் கேக்கிறன்?”

“காசு. இல்லாட்டி பாரம். ரெண்டுக்கும் அதுதான் சொல்லு.”

“பகல் முழுக்க வெயார்ஹவுசில தூக்கிறது காணாதாம், பிள்ளை,” என்றாள் மனைவி.

நானும் சிரித்தேன். ஆனால் மனம் அதிலேயே நின்றது. இவ்வளவு காலமும் என்னைக் கேட்டுக் கைதட்டினார்களா, அல்லது பார்த்துச் சிரித்தார்களா?

அந்தக் கிழமை முழுக்கக் குளியலறையில் பஸ், பஸ் என்று பழகினேன்.

“இறங்கிற இடம் வந்திட்டுது, வெளியில வாங்கோ,” என்றாள் மனைவி கதவுக்கு அப்பால்.

சனிக்கிழமை சரியாகப் பாடினேன். ஒருவரும் விசிலடிக்கவில்லை, ஆட்டமும் நிற்கவில்லை. மேளக்காரர் மட்டும் கண்ணை மூடியபடி வாசித்தார். அந்தப் பாட்டுக்கு அவர் கண்ணை மூடி நான் கண்டதில்லை.

பிறகு யாரோ கத்தினார்: “பெசோ!” பல்லுக்கு வரும் ‘ப’. மண்டபமே சேர்ந்துகொண்டது. மேளக்காரர் கண்ணைத் திறந்து, பாவமாக என்னைப் பார்த்து, தாளத்தை அதே இடத்துக்குத் திருப்பினார். அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. நான் பாரத்தைக் கேட்டேன். கூரை அதிர்ந்தது.

இன்றும் சனிக்கிழமைகளில் அதுதான். கழுத்தில் பூப்போட்ட சால்வை, முகத்தில் உருக்கம், வாயில் பிழை. முதுகு நோகிறது, குரலும் கட்டிக்கொண்டு வருகிறது. விடுவோமென்றால் போஸ்டரில் என் படத்தைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள்.

ஒத்திகையில் மட்டும், சனம் வருமுன், மேளக்காரர் என்னிடம் கற்றுக்கொண்ட ஒரே தமிழைச் சொல்வார்: “பஸ்.” களைத்துப்போய்த்தான் நிற்பேன். ஆனாலும் பாடுவேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.