'ஓய்வு' என்று பேர் வைத்த படம்

நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பறைச் சுவரில் என் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் தேயிலைக் கொழுந்துக்கூடை. ஒரு கையைப் பாறையில் ஊன்றி, மூக்குத்தி மின்ன எங்கேயோ பார்க்கிறாள். சட்டத்தின் அடியில் பித்தளைத் தகட்டில் 'ஓய்வு' என்று பொறித்திருக்கிறார்கள். போன மாதம் கல்யாண விருந்துக்குப் போன இடத்தில் இதைப் பார்த்தேன்.

ஐம்பதுகளின் நடுவில், நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்த புதிதில், தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவுக்கு விருந்தாளியாக ஓர் ஓவியர் கொழும்பிலிருந்து வந்தார். புருஷனைப் பறிகொடுத்திருந்த அக்கா, கொழுந்தெடுத்து இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துப் பதிவில் பேர் இருக்கிறவரைதான் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் இருக்கும். மலையில் வேலை நேரத்தில் உட்கார்ந்தால் அரைப்பேர், அதாவது பாதிநாள் சம்பளம்தான். துரையே கண்டுவிட்டால் பேருக்கே ஆபத்து. இது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். ஓவியருக்குத் தெரியாது, கேட்டுக்கொள்ளவும் தோன்றவில்லை. "கூடையை இறக்கிவைச்சிட்டு அந்தப் பாறையில இருங்கோ. பயப்படாதேங்கோ, நான் துரையின்ர ஆள்" என்று அக்காவிடம் சொன்னாராம். பங்களா விருந்தாளியாயிற்றே என்று கங்காணியும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் ஒரு மண்டபத்தில் ஏழெட்டு ஓவியர்கள் சேர்ந்து கண்காட்சி வைத்தார்கள். எனக்கும் ஓர் அழைப்பு அட்டை கிடைத்தது. இருந்த ஒரே கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். பாதிப் படங்களில் உருவமே இல்லை. சாயம் கொட்டிய தரை போல ஒன்று. இன்னொன்றில் வெறும் பச்சைச் சதுரங்கள், பேர் 'தேயிலை மலை'. கட்டம் போடத் தெரிந்தவனெல்லாம் ஓவியனா என்று பொருமிக்கொண்டே நகர்ந்தேன். கூட்டமெல்லாம் அக்காவின் படத்துக்கு முன்னால்தான். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அப்போது எங்கள் துரை வந்தார். பாறையைப் பார்த்தார், மூக்குத்தியைப் பார்த்தார். எந்த நேரத்தில் வரைந்தது என்று இங்கிலீஷில் கேட்டார். ஓவியருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. முன்பகல் வெயில், அந்த நிழல் அந்த நேரத்தில் மட்டும்தான் அப்படி விழும் என்று அளக்க ஆரம்பித்தார். அவர் தன் வெளிச்சத்தைப் புகழப் புகழ, அக்கா வேலை நேரத்தில் உட்கார்ந்தது ருசுவாகிக்கொண்டே போனது. நான் குறுக்கே புகுந்து, "இவர்தான் உட்காரச் சொன்னார்" என்றேன். ஓவியர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். ஆளை உட்காரவைத்து வரைகிறவன் தானில்லை என்றும், கண்டதைத்தான் வரைவது வழக்கம் என்றும் சொன்னார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

திங்கட்கிழமை பெரட்டுக் களத்தில், வேலை பிரிக்கிற இடத்தில், எல்லாருக்கும் முன்னால் கணக்குப்பிள்ளை சொன்னார். "படத்துல நல்லா உக்காந்திருக்கியாம்ல? இனிமே வீட்டுலயே உக்காரு. தொரை ஒம் பேர வெட்டச் சொல்லிட்டாரு."

கங்காணி கெஞ்சினார், சங்கத்துத் தலைவர் வந்து பேசினார், ஒன்றும் நடக்கவில்லை. காம்பராவைக் காலி செய்த அன்று சட்டி பானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டே அக்கா என்னிடம் கேட்டாள்.

"அங்க வேற என்ன படமெல்லாம் இருந்துச்சு தம்பி?"

பச்சைச் சதுரங்களைப் பற்றிச் சொன்னேன்.

"அதுல ஆளே இல்லியா?"

"இருந்தாலும் தெரியாதுக்கா. வெறும் கட்டந்தான்."

"அப்ப அத வரைஞ்ச மனுசன் நல்லவரு" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

மஸ்கெலியாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஒண்டிக்கொண்டு, கூப்பிட்ட தோட்டத்துக்கெல்லாம் வெளியாளாகப் போய்க் கொழுந்தெடுத்தே அவள் காலம் முடிந்தது. கடைசி வருஷங்களில் நாற்காலி போட்டால்கூட நுனியில்தான் உட்காருவாள், யாராவது வந்தால் சட்டென்று எழுந்துவிடுவாள்.

ஹோட்டலில் விருந்துக்கு வந்தவர்கள் படத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எவ்வளவு நிம்மதியான முகம் என்றாள் ஒரு பெண். அவர்கள் போகும்வரை காத்திருந்து, கிட்டே போய், யாருக்கும் கேட்காமல் சொன்னேன்.

"எந்திரிக்கா. தொரை வர்றாரு."