பட்டி பார்த்த தூண்

புருவத்தில் எந்நேரமும் பெயிண்ட் தூள் ஒட்டியிருக்கும். அதனால் உறவுக்காரர் எல்லாருக்கும் அவர் வெள்ளை மாமா. அம்மா வழி, அப்பா வழி என்று அவர் கைபடாத சுவர் எங்கள் சொந்தத்தில் இல்லை. மனைவி இறந்துபோன பிறகு ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் உச்சியில் ஒற்றை அறையில் இருந்தார். கீழ்த்தளத்தில் அவருடைய கடைசித் தங்கை, தங்கை மகள், அவளுடைய கைக்குழந்தை.

பூமி குலுங்கிய அன்று தெருவில் பழைய வீடுகள் பொலபொலவென்று சரிந்தன. இந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் நகக்கீறல்கூட இல்லை. "பூகம்பம் வந்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லித்தானே பில்டர் வித்தான்! சொன்னபடி செஞ்சுட்டான்" என்று மாடிக்கு மாடி பெருமை பேசினார்கள். தங்கையின் அடுப்படியை ஒட்டிய தூணில் மட்டும் குறுக்கும் மறுக்குமாக விரிசல்.

"அண்ணே, கட்டடத்தைச் சோதிக்க வர்றவங்க இதைப் பார்த்தா நம்மளத் தெருவுல நிறுத்திடுவாங்க. கொஞ்சம் பட்டி பார்த்து மூடிடு."

"உள்ள என்னாச்சோ, யாரு கண்டா?"

"நிக்குதுல்ல? இன்னும் என்ன வேணும் உனக்கு? நான் சம்பந்தி வீட்டுல போய் ஒண்டணுமா?"

தங்கை கேட்டு அவர் எதையும் மறுத்ததே இல்லை. பட்டி மாவைக் குழைத்து விரிசலில் அப்பித் தேய்த்து, பெயிண்ட் அடித்து, சுவடே தெரியாமல் ஆக்கினார். சோதிக்க வந்த இன்ஜினியர் அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, குடியிருக்கலாம் என்று சொல்லிப் போனார்.

கொஞ்ச நாளில் அதே இடத்தில், அதே சாய்வில், மயிரிழை போல ஒரு கோடு. பூசினார். மறுபடியும் வந்தது. பூமி எப்போதோ அடங்கிவிட்டது. தூண்தான் இன்னும் அடங்கவில்லை. அதற்குப் பிறகு தங்கை போட்ட சோற்றைத் தூணுக்கு எதிரே உட்கார்ந்துதான் தின்றார். குழந்தையைக் கொஞ்சும்போதும் கண் தூணுக்கே ஓடியது.

"என்ன மாமா, தூணுக்குள்ள பேய் கீய் இருக்கா?" என்று தங்கை மகள் சிரித்தாள்.

மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் இன்ஜினியர் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவர் உடனே வந்து பூச்சைச் சுரண்டினார். கான்கிரீட் ரொட்டித் தூளாக உதிர்ந்தது. உள்ளே கம்பிகள் பிதுங்கி வளைந்திருந்தன. எல்லாரையும் கட்டடத்தைக் காலி செய்யச் சொன்னார்.

"அதான் அன்னைக்கே நின்னுச்சேம்மா!" என்றாள் தங்கை.

"நீங்க உயிரோட வெளிய வரணும், அதுக்குத்தான் இப்படிக் கட்டுறது. அப்புறமும் உள்ள வாழலாம்னு இதைக் கட்டலம்மா."

"அதை விக்கிறப்பவே சொல்றதுக்கு என்ன?"

இன்ஜினியர் அம்மா கட்டடத்தைச் சுற்றி வேலி போட ஆள் அனுப்பச் சொல்லி போன் செய்தார். தங்கை அண்ணன் பக்கம் திரும்பினாள். "கூடப் பொறந்தவனா நீ?"

அதுதான் அவள் அவரிடம் பேசிய கடைசிப் பேச்சு. மகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டாள்.

கட்டடத்தை இடிக்க யாரும் வரவில்லை. வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம், "கல்லு மாதிரி நிக்குது மாமா, எங்களைத்தான் கெளப்பி விட்டுட்டீங்க" என்றார்கள். அவரும் தினம் போய் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார்.

ஒரு மத்தியானம் மறுபடியும் லேசாகக் குலுங்கியது. ஊரே வெட்டவெளிக்கு ஓட, அவர் மட்டும் அந்தக் கட்டடத்தை நோக்கி ஓடினார். கண்ணாடிகள் கிடுகிடுத்தன. "விழு... விழுந்துடு" என்று ஒரு குரல் கேட்டது. அது தன் வாயிலிருந்து வந்தது என்று தெரிந்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

குலுக்கல் ஓய்ந்தது. கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தங்கை வீட்டு ஜன்னலில் திரைச்சீலை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.