இருநூற்றைம்பது கஜத்துக்கு ஒரு துப்பாக்கி

போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எவருக்கும் துப்பாக்கி உரிமம் மறுக்கப்படலாகாது என்கிறது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் பதினான்காம் பிரிவு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. வருவாய்த் துறையில் குமாஸ்தாவாய்ச் சேர்ந்து தாசில்தாராய் ஓய்வு பெற்ற எனக்கு இந்த வரிகள் மனப்பாடம். நல்ல சட்டம்தான். அதைக் கையில் வைத்திருந்தவர்களுக்குப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

பெரியப்பா பட்டாளத்திலிருந்து திரும்பியது அறுபதுகளின் நடுவில். முன்னாள் படைவீரர் என்பதால் தாமல் பக்கத்தில் அவருக்குப் புறம்போக்கிலிருந்து மேட்டு நிலம் ஒப்படை செய்தார்கள். அதுவரை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் கூலிக்குத்தான் வயலில் இறங்கியவர்கள். சொந்தமாய் ஒரு வரப்பு என்பது அவரோடுதான் தொடங்கியது. ஆனால் ஒப்படைக்கு நிபந்தனை உண்டு. குறித்த காலத்துக்குள் நிலத்தில் பயிர் ஏற வேண்டும். தரிசாய்க் கிடந்தால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும். பெரியப்பா வேர்க்கடலை போட்டார். காய் முற்றும் நேரத்தில் காட்டுப் பன்றிகள் வந்தன. அந்த வருடம் பெரியம்மா முறத்தில் அள்ளிக்கொண்டு வந்தது அறுந்த செடியும் மண்ணும்தான்.

நிலம் எப்படி அமைந்திருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். மேட்டில் பெரியப்பாவின் நிலம். அதற்குக் கீழே ஏரிக்கரை வரைக்கும் நஞ்சை, முழுவதும் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவருடையது. பன்றிகள் பகலெல்லாம் ஏரிக்குள் இருக்கும் கருவேலங்காட்டில் படுத்திருக்கும். பொழுது சாயும்போது கரையேறி இறங்கி, கரையடியில் கொஞ்ச நேரம் நின்று மண்ணைக் கிளறும். இருட்டிய பிறகு மேட்டுக்கு வரும். நடுவில் இருந்த நஞ்சையின் வரப்பில், நடவுக்கும் அறுப்புக்கும் கூப்பிட்டால் எங்கள் ஆட்கள் இறங்கலாம். கூப்பிடாமல் இறங்கக் கூடாது. இது எந்த அரசாணையிலும் இல்லை. எல்லா அரசாணைகளையும்விட ஒழுங்காய் நடைமுறையில் இருந்தது.

ஆகவே பெரியப்பா சுடுவதென்றால் தன் வரப்பில் உட்கார்ந்துகொண்டு, கரையடியில் நிற்கும் பன்றியைத்தான் சுட வேண்டும். கண்ணாலேயே அளந்து இருநூற்றைம்பது கஜம் என்றார். இருட்டில் சுட அவருக்குச் சம்மதமில்லை.

"இருட்டுல பன்னி எது, காவலுக்குக் குந்திக்கினு இருக்கிற மனுசன் எதுன்னு தெரியாதுபா. அந்தியில சுட்டா, தப்பினாலும் குண்டு கரை மண்ணுல போய் சொருவிக்கும்" என்றார் அப்பாவிடம்.

அப்பா காஞ்சிபுரத்தில் நகராட்சிப் பள்ளி ஆசிரியர். விண்ணப்பங்களை ஆங்கிலத்தில் எழுதுவது அவர் வேலை. முதல் விண்ணப்பத்தில், எந்த அளவுத் துப்பாக்கி என்ற இடத்தில் த்ரீ நாட் த்ரீ என்று போடச் சொன்னார் பெரியப்பா. இத்தனை வருடம் தோளில் சுமந்தது அதைத்தானே. விண்ணப்பம் கலெக்டர் அலுவலகத்திலிருந்து உடனே திரும்பி வந்தது. அது ராணுவத்துக்குரிய அளவு, குடிமக்களுக்குத் தடை செய்யப்பட்டது என்று எழுதியிருந்தார்கள். அந்த மேசையில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். அந்தக் கோப்பில் சட்டப்படி எழுதப்பட்ட ஒரே குறிப்பு அதுதான்.

அது சரியாக இருந்ததுதான் கேடாய் முடிந்தது. அண்ணனும் தம்பியும், இடைஞ்சல் காலிபரில்தான், அதாவது குழல் அளவில்தான், இருக்கிறது, சரியான காலிபரை எழுதிவிட்டால் உரிமம் வந்துவிடும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பட்டாளத்தில் பழகிய ஒருவரும் பள்ளிக்கூடத்தில் பழகிய ஒருவரும் சேர்ந்தால் அப்படித்தான் நினைப்பார்கள். இருவருக்கும் சரியான விடைக்கு மதிப்பெண் உண்டு என்று நம்பிக்கை.

மவுண்ட் ரோட்டில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார்கள். அதன் பிறகு எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரமெல்லாம் காலிபர் பேச்சுதான். த்ரீ ஃபிஃப்டீன் நம் நாட்டிலேயே செய்வது, சுலபமாய்க் கிடைக்கும். ஆனால் குண்டு கனம், வேகம் குறைவு. டூ செவன்ட்டியின் குண்டு மெலிந்தது, கோடு கிழித்த மாதிரி போகும். தர்ட்டி நாட் சிக்ஸ் இரண்டுக்கும் நடுவில், ஆனால் டூ செவன்ட்டிக்குப் பக்கத்தில்.

அப்பாவுக்கு இது பிடிபடவில்லை. சுட்டால் குண்டு நேராகத்தானே போகும் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளையார்பாளையம் வழியாக மூவரும் வந்துகொண்டிருந்தோம். தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளைப் பாவாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். பெரியப்பா அதன் முனையில் நின்றுவிட்டார்.

"இந்தப் பாவைப் பாருடா. இந்தக் கொனையில என் கண்ணு, அந்தக் கொனையில பன்னி. பார்வை இப்பிடி நேரா போவுது. குண்டு அப்பிடி போவாது. போவப் போவ தொங்கிடும்."

"எவ்ளோ தொங்கும்ணா?"

"த்ரீ ஃபிஃப்டீனு ஒரு மொழத்துக்கு மேல. பன்னி ஒசரமே ரெண்டு மொழம். நெஞ்சுக்கு வெச்சா காலாண்ட மண்ணுல போய் வுழும். டூ செவன்ட்டிய எரநூறு கஜத்துக்குக் குறி கட்டிட்டேன்னா, அங்க நாலு வெரக்கடைதான் எறங்கும். கணக்கு போட வாணாம், வெச்சு அமுக்க வேண்டியதுதான்."

பாவுக்கு அடியில் குனிந்து இழை முடிந்துகொண்டிருந்த நெசவாளி தலையைத் தூக்கினார்.

"இன்னாபா பட்டாளம், என் பாவ வெச்சா பன்னி சுடற? தொங்கற கதைய அப்பால போய் பேசு. இத்த இழுத்துக் கட்டறதுக்குள்ள என் இடுப்பு பூட்சு."

பெரியப்பா சிரித்தார். அந்த விவகாரம் முழுவதிலும் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

டூ செவன்ட்டிக்குத் தோட்டா வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று கடைக்காரருக்கே தெரியாது. ஆகவே தோட்டா கிடைக்கிற தர்ட்டி நாட் சிக்ஸ் என்று முடிவாயிற்று. அப்பா புதிய விண்ணப்பம் அனுப்பினார். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது: இந்தியத் தயாரிப்பான த்ரீ ஃபிஃப்டீன் ஏன் போதாது? பாவும் முழமும் இல்லாத ஆங்கிலத்தில் அப்பா அதற்குப் பதில் எழுதினார். அடுத்த கடிதம்: சேதம் செய்யும் பன்றிகளின் எண்ணிக்கை என்ன? அதற்கும் எழுதினார். அதற்கடுத்தது: விண்ணப்பதாரரின் சொத்து மதிப்பு என்ன? பதினான்காம் பிரிவு அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தபோது கேட்கப்பட்ட கேள்வி இது. இதைக் கேட்டவரின் இடத்தில் பின்னாளில் நானும் இருந்திருக்கிறேன். விளக்கம் கேட்பது என்பது மறுப்பதற்குத் தைரியம் இல்லாதவர்கள் மறுக்கும் முறை. ஒவ்வொரு கடிதத்துக்கும் நடுவில் ஒரு பருவம் போயிற்று.

"நீங்க காயிதம் எழுதிக்கினே இருங்க. அந்தப் பன்னி வந்து அத்த படிச்சிட்டு, அய்யய்யோன்னு திரும்பிப் போவும்" என்றார் பெரியம்மா.

கோடை விடுமுறைக்கு நான் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது விசாரணைக்கு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். பயிர் போனது பெரியப்பாவின் மேட்டில். விசாரணை நடந்தது நஞ்சைக்காரர் வீட்டு முற்றத்தில். அவர்கள் இருவருக்கும் நாற்காலி. பெரியப்பா கொளுத்தும் வெயிலில், பட்டாளத்துச் சட்டையில், நேராக நின்றார். பெரியம்மாவும் நானும் வேலிக்கு வெளியே நின்றோம். நஞ்சைக்காரரின் தலைக்குமேல் சுவரில் ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி தொங்கியது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் பெற்றது. அதனால் ஏரியில் நீர்க்கோழிகள் செத்ததுண்டு. பன்றி எதுவும் செத்ததாய்த் தகவல் இல்லை.

"தகரத்தைத் தட்டுபா, ஓடிப்போவும். அதுக்கு ரைபிளா கேப்பாங்க?" என்றார் நஞ்சைக்காரர்.

"தட்டினேங்க. ஓடிட்டுத் திரும்பி வந்துடுதுங்க."

"சண்டைக்கெல்லாம் போய் வந்தவன், பன்னிக்கு பயந்துக்கினா எப்பிடி?"

சப்-இன்ஸ்பெக்டர் அதற்குச் சிரித்துவிட்டு, காகிதத்தைப் பார்த்தார். "இருநூத்தம்பது கஜம் இன்னாத்துக்குபா? கிட்ட போய் சுடறதுதானே?"

"கிட்ட போவ முடியாதுங்க."

"ஏன்?"

பெரியப்பா நஞ்சைக்காரரைப் பார்த்தார். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதில் மும்முரமாய் இருந்தார். பக்கத்தில் நின்ற பெரியம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"பன்னி ஓடிடும்ங்க" என்றார் பெரியப்பா.

சப்-இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். எழுத வேண்டியதைக் கேட்டு எழுதிய திருப்தி அவர் முகத்தில் இருந்தது. கீழே விரிந்து கிடந்த நஞ்சையை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. இடத்தைப் பார்வையிட்டு அறிக்கை தர வேண்டும் என்பது விதி. மோர் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அந்த வருடக் கடலையையும் பன்றிகளே அறுவடை செய்தன. அடுத்த பருவத்துக்கு விதைக்கடலை வாங்க வழியில்லை; நிலம் தரிசாய்க் கிடந்தது. நிபந்தனை மீறப்பட்டதால் ஒப்படை ரத்து என்று உத்தரவு வந்தது. அதற்கு விளக்கம் கேட்கவில்லை. எண்ணிக்கை கேட்கவில்லை. தன்னால் எத்தனை வேகமாய் ஓட முடியும் என்பதை அரசாங்கம் அன்று காட்டியது. சில வாரங்களில் மேட்டில் நஞ்சைக்காரரின் மாடுகள் மேய்ந்தன.

பெரியப்பா சென்னைக்குப் போய் ஒரு வங்கி வாசலில் காவலுக்குச் சேர்ந்தார். அங்கே மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் அவர் கையில் துப்பாக்கி கொடுத்தார்கள். ஊரார் பணத்தைக் காப்பதற்கு அவருடைய குறி போதுமானதாய் இருந்தது.

அதற்கெல்லாம் பிறகுதான், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், எங்கள் வீட்டு முகவரிக்குப் பதில் வந்தது. அப்பா முதலில் ஆங்கிலத்தில் முணுமுணுத்துவிட்டு, அம்மாவுக்காகத் தமிழில் சொன்னார். விண்ணப்பதாரர் விலங்கின் அருகே சென்று சுடுவதற்குத் தடை ஏதும் இருப்பதாக விசாரணையில் தெரியவில்லை, எனவே நெடுந்தூரம் சுடும் ரைபிளுக்கு உரிய காரணம் இல்லை, கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

அந்த வயதில் எனக்கு அது நியாயமாகப் பட்டது. காலிபரைப் பற்றி இத்தனை சண்டை போட்ட பெரியவர்களுக்கு இந்தச் சின்ன விஷயம் தோன்றவில்லையே என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

"கரெக்டுதானே எழுதியிருக்காங்க? பெரியப்பா எறங்கி கிட்ட போயிருக்கலாம் இல்லப்பா?" என்று கேட்டேன்.

அப்பா என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. கடிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அம்மா அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். இருநூற்றைம்பது கஜம் என்பது நடந்தால் தீர்ந்துவிடும் தூரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்தப் பதில் வந்து சேர்ந்தது வைகாசி மாதம், பெருமாள் கருடன்மேல் ஏறி ஊர் முழுக்கச் சுற்றி வரும் கருட சேவைக்கு முந்தின நாள்.