ஒரே க்யூவில் இருவர்

இன்று பொன்மலையில் பில்லியர்ட்ஸ் அரையிறுதிப் போட்டி. என் ஆட்டத்தைப் பார்க்க நண்பர்களை வேறு திரட்டிக்கொண்டு போயிருந்தேன்.

ஆட்டத்துக்கு முன் என் க்யூ கோலின் நுனித் தோல் கழன்றுவிட்டது. பழுது பார்க்கும் அந்தோணியிடம் ஓடினால், என்னோடு மோதவிருந்த தென்னூர் ராஜுவும் அதே கோளாறோடு நிற்கிறார்.

"பசை காயணும் சார். ஒருத்தர் ஆடுறப்ப இன்னொருத்தர் சும்மாதானே நிக்கணும்? இதையே மாத்தி மாத்தி ஆடுங்க" என்று தன் க்யூவைக் கொடுத்தார் அந்தோணி.

ஆடினோம். ரயில்வே ஒர்க்‌ஷாப் மாலைச் சங்கு ஊதுவதற்குள் தோற்றுவிட்டேன்.

நண்பர்கள் காதில் விழும்படி, "இந்த க்யூ கொஞ்சம் வளைஞ்சிருக்குங்க" என்றேன்.

ராஜு அக்கறையாகக் கேட்டார்: "உங்க முறை வர்றப்ப மட்டும் வளையுதா சார்?"

நாளை இறுதி ஆட்டத்தில் அவருக்குக் கைதட்டப் போவதா, காய்ச்சல் என்று படுத்துக்கொள்வதா? நீங்களே சொல்லுங்கள்.